சொற்களும் குறியீடுகளும்: கே. சி. எஸ். பணிக்கரின் கோட்டு வடிவங்களும் கிருஷ்ணகிரிப் பாறைக் குறிகளும்

கே. சி. எஸ். பணிக்கர் (1911 – 1977) சென்னையை மையமாகக் கொண்டு இயங்கிய நவீன ஓவியர், ஓவிய ஆசிரியர். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் தொடரில் வட்டம், முக்கோணம், கட்டம் முதலிய வடிவங்களும், பாம்பு, மீன், பறவை, செடி போன்ற இயற்கை உருவங்களும், சாதகக் கட்டமும் யந்திரக் கோடுகளும், எழுத்தைப் போலத் தோன்றும் கிறுக்கல்களும் ஒரே பரப்பில் சேர்ந்து நிற்கின்றன. இக்கட்டுரை அத்தொடர் உருவான வரலாற்றைக் கூறுகிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்துப் பாறைகளிலும் வாசல்களிலும் காணப்படும் கோட்டு வடிவங்களோடு அதை ஒப்பிட்டு, அந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்றும் பார்க்கிறது.

ஒப்பிட வேண்டிய தேவை என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் (2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது) பழங்காலக் கல்திட்டைகளும் வெள்ளை நிறப் பாறை ஓவியங்களும் ஏராளம். அண்மைக் காலமாக அவற்றின் படங்கள் கைப்பேசிகளில் பரவுகின்றன. ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சிலுவைக் கோடும் தெரிந்தால் போதும், "மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய யந்திரம்" என்று தலைப்பு வந்துவிடும். இன்னொருவர் அதையே சிந்துவெளி எழுத்து என்பார். மூன்றாமவர் விண்கலம் என்பார். ஓசூரில் இப்போது 'மண்டலா' வரையச் சொல்லித்தரும் விடுமுறை வகுப்புகளும் நடக்கின்றன. அங்கே பிள்ளைகள் கவராயத்தைச் சுழற்றி வரையும் பூவட்டங்களுக்கும் இதே பழம்பெருமை சூட்டப்படுகிறது.

பாறையில் கோடு வரைந்தவரும், வாசலில் புள்ளி வைப்பவரும், யந்திரம் பொறித்தவரும், 1963இல் துணியில் தீட்டிய பணிக்கரும் ஒன்றையேதான் செய்தார்களா? வடிவம் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாகிவிடுமா? இதற்கு விடை தேடப் பணிக்கர் நல்ல எடுத்துக்காட்டு. மற்றவர்கள் என்ன நினைத்து வரைந்தார்கள் என்று கேட்க வழியில்லை. பணிக்கரோ தாம் எங்கிருந்து தொடங்கினார் என்பதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பிறப்பும் பயிற்சியும்

பணிக்கர் 1911 மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பம் மலபாரைச் சேர்ந்தது. தென்னையும் நீர்க்காலும் நிறைந்த அந்த நிலப்பரப்பைச் சிறு வயதிலேயே நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கினார். பதினேழு வயதுக்குள் சென்னைக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர், குடும்பச் சூழ்நிலையால் படிப்பை நிறுத்தித் தந்தித் துறையில் வேலை செய்தார். பிறகு ஆயுள் காப்பீட்டு முகவராகவும் அலைந்தார். தந்தியின் புள்ளி-கோடு மொழிக்கும் அவருடைய பிற்காலக் குறிகளுக்கும் முடிச்சுப் போட எனக்கும் ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் ஆசை சான்றாகாது.

1936இல், இருபத்தைந்து வயதில், சென்னை அரசு கலை மற்றும் கைத்தொழில் பள்ளியில் சேர்ந்தார். அது 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கி, பின்னர் அரசு ஏற்றுக்கொண்ட பழைய நிறுவனம். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுவே. அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலை அவர் வடித்தது. 1940இல் படிப்பை முடித்த பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1955இல் துணை முதல்வர், 1957இல் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வர்.

1940களிலும் 50களிலும் அவர் வரைந்தவை பெரும்பாலும் மனிதர் நிறைந்த படங்கள். வான்கோ, கோகன் முதலிய ஐரோப்பியர்களின் தாக்கம் அவற்றில் வெளிப்படையாகத் தெரிகிறது. இயேசுவும் காந்தியும் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1951இல் வரைந்த 'சமாதானம் செய்வோர் பாக்கியவான்கள்' இவ்வகையில் பெயர் பெற்றது. 1954இல் லண்டனில் அவருடைய கண்காட்சி நடந்தது. ஐரோப்பாவைக் கண்ணால் பார்த்துத் திரும்பிய பலருக்கும் வந்த கேள்வி அவருக்கும் வந்தது. எண்ணெய் வண்ணம் அவர்களுடையது, சட்டகம் அவர்களுடையது, தூர-அண்மைக் கணக்கும் அவர்களுடையது. அப்படியானால் இதில் நம்முடையது எது?

வங்காளத்து ஓவியர்கள் இதற்கு முன்பே அஜந்தாவையும் முகலாய நுண்ணோவியத்தையும் நோக்கிப் போயிருந்தனர். பணிக்கர் அந்த வழியில் போகவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் அவருடைய படங்களில் உருவங்களின் கனம் குறைந்து கோடு மேலோங்கியது. 'தோட்டம்' என்ற பெயரில் வரைந்த படங்களில் மனிதர், மரம், விலங்கு எல்லாம் ஒரே தட்டையான பரப்பில் படர்ந்தன. முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது என்ற வேறுபாடு மறைந்தது.

கணக்கு நோட்டு

1963இல் திருப்பம் நேர்ந்தது. கணிதம் படிக்கும் மாணவர் ஒருவரின் நோட்டுப் புத்தகப் பக்கம் பணிக்கரின் கண்ணில் பட்டது. எண்களும், ரோமன் எழுத்துகளும், இயற்கணிதச் சூத்திரங்களும், வடிவியல் படங்களும் சேர்ந்த பக்கம். அதிலிருந்த கணக்கை அவர் படிக்கவில்லை, பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் புதிய தொடருக்கு வித்திட்டது என்பது அவரே சொன்ன செய்தி.

முப்பது ஆண்டுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளையின் நோட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இடப்பக்கம் ஓரக்கோடு, அதற்கு வெளியே கணக்கு எண். சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்தாற்போல் இறங்கும். வலப்பக்கத்தில் குறுக்கலாகப் பெருக்கல், வகுத்தல் செய்து பார்த்த இடம். நடுவே கவராயத்தால் வரைந்த வட்டம், அதன் நடுவில் முள் குத்திய துளை. தவறான வரியின் மேல் ஒரு கோடு. திருத்தும்போது நாம் விடையைத் தேடுகிறோம், படி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்தத் தாளின் அழகு நம் கண்ணில் படுவதில்லை. பணிக்கர் மதிப்பெண் போட வேண்டியவர் அல்லர் என்பதால் அது அவர் கண்ணில் பட்டது.

அந்த நோட்டிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது வடிவங்களை மட்டுமன்று, பக்கத்தின் அமைப்பையும்தான். படம் என்றால் சன்னல் வழியே தெரியும் காட்சி என்ற ஐரோப்பிய மரபு அங்கே இல்லை. எழுதும் பரப்பே படமாகிறது. எழுத்தும் எண்ணும் படமும் அங்கே ஒரே தகுதியில் நிற்கின்றன. இதைக் கண்டதும் அவர் ரோமன் எழுத்தை நீக்கிவிட்டுத் தம் தாய்மொழியான மலையாளத்தின் வளைவெழுத்துகளைக் கொண்டுவந்தார். இயற்கணிதத்துக்குப் பக்கத்தில் சாதகக் கட்டம் வந்து சேர்ந்தது.

படத்தில் இருப்பவை

இத்தொடரின் படம் ஒன்றின் முன் நிற்பவர் முதலில் காண்பது ஒரு பழைய சுவரையோ ஏட்டையோ ஒத்த வெளிறிய தரையை. அதன் மேல் வரிவரியாகச் சிறிய எழுத்துகள். கட்டம் போட்ட அட்டவணைகள். வட்டங்கள், அம்புக்குறிகள், முக்கோணங்கள். இடையிடையே ஒரு மீன், ஒரு பாம்பு, ஒரு பறவை. சாதகத்தின் பன்னிரண்டு கட்டங்களும் நடுவில் வெற்றிடமும். சில படங்களில் சிவப்பும் மஞ்சளும் பளிச்சிடும். சிலவற்றில் மண் நிறமே மிகுதி.

மலையாளம் அறிந்தவர்கள் அந்த வரிகளைப் படிக்க முயன்று ஏமாந்துபோவார்கள். எழுத்து போலத் தோன்றுமே தவிர, படித்தால் சொல்லாகச் சேராது. இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. பொருள் புரிந்துவிட்டால் கண் படத்தை விட்டுப் படிப்பில் இறங்கிவிடும். தமிழ் தெரியாத ஒருவர் நம் ஊர்ப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதைப் போல நம்மை நம் எழுத்தையே பார்க்கச் செய்கிறார் பணிக்கர். ஓசூரில் வளர்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே தெருவில் எழுதப்பட்டிருக்கும். மூன்றில் ஒன்றையோ இரண்டையோ படிப்போம்; மிச்சத்தை வடிவமாகப் பார்த்துக்கொண்டே கடந்துபோவோம்.

குறிகளும் அப்படியே. சாதகக் கட்டம் இருக்கிறது. அது யாருடைய சாதகமும் அன்று. யந்திரம் போன்ற முக்கோணங்கள் இருக்கின்றன. வைத்துப் பூசை செய்யும் யந்திரம் எதுவும் அதில் இல்லை. வழிபாட்டில் பொருள் சுமந்து வந்த வடிவங்களை அந்தச் சுமையிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார். அப்படி இறக்கியபின்னும் அவற்றுக்கு ஒரு கவர்ச்சி மிஞ்சுகிறது என்பதே இத்தொடரின் வியப்பு என்று நான் கருதுகிறேன். அதை ஆன்மிகம் என்று அழைப்பதா, நம் பழக்கத்தின் எச்சம் என்று அழைப்பதா என்பதில் விமர்சகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

'நவ தந்திரம்' என்ற பெயர்

பிற்காலத்தில் இவ்வகை ஓவியங்களுக்கு 'நவ தந்திரக் கலை' என்ற பெயர் விழுந்தது. பிரேன் தே, ஜி. ஆர். சந்தோஷ், எஸ். எச். ரசா முதலியோரும் இப்பெயரின்கீழ் வைத்துப் பேசப்படுகிறார்கள். இவர்களுள் ரசாவின் 'பிந்து' உலகப் புகழ் பெற்றது.

இங்கே ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது நல்லது. அஜித் முகர்ஜியின் தந்திரக் கலை நூல் வெளிவந்து அத்துறைக்குப் பரவலான கவனம் கிடைத்தது 1960களின் நடுப்பகுதியைத் தாண்டிய பிறகே. லண்டன் ஹேவர்டு கலைக்கூடத்தில் தந்திரக் கலைக் கண்காட்சி நடந்தது 1971இல். 'நவ தந்திரம்' என்ற தலைப்பிலேயே லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் கண்காட்சி நடந்தது 1985-86இல், அதாவது பணிக்கர் மறைந்து எட்டாண்டுகளுக்குப் பின். அவர் 'சொற்களும் குறியீடுகளும்' தொடங்கியதோ 1963இல். மேலைநாட்டில் யந்திரத்துக்குச் சந்தை உண்டானதைப் பார்த்து அவர் திரும்பினார் என்று சொல்ல இந்த வரிசை இடம் தரவில்லை. அவருக்குத் தொடக்கம் கணக்கு நோட்டு. யந்திரம் பின்னால் வந்து சேர்ந்த பல பொருள்களில் ஒன்று.

அவருடைய மாணவர் கே. வி. அரிதாசனின் நிலை வேறு. 1937இல் வட கேரளத்தில் பிறந்து சென்னையில் பயின்ற அரிதாசன், யந்திரத்தையும் தத்துவத்தையும் நேரடியாகவே எடுத்துக்கொண்டார். 'பிரம்ம சூத்திரம்' என்று தம் தொடருக்குப் பெயரிட்டார். சமச்சீர், மையப்புள்ளி, ஒளிரும் நிறம் ஆகியவை அவர் படங்களின் இயல்பு. குரு கலைத்துப் போட்டதைச் சீடர் மறுபடி ஒழுங்காக அடுக்கினார் எனலாம். இருவரையும் ஒரே பெயரில் அடைப்பது வசதிதான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெயர் நிற்காது.

யந்திரம் என்றதும் நினைவுக்கு வரும் ஸ்ரீசக்கரத்தைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு குறிப்பு. மேல்நோக்கிய நான்கு முக்கோணங்களும் கீழ்நோக்கிய ஐந்து முக்கோணங்களும் ஒன்றையொன்று வெட்டி 43 சிறு முக்கோணங்களை உண்டாக்குகின்றன. சுற்றிலும் எட்டிதழ், பதினாறிதழ் வட்டங்கள். வெளியே வாசல் வைத்த சதுரம். மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டிய இடங்கள் பல உள்ளன. ஒரு கோடு சிறிது நகர்ந்தாலும் அங்கே வேண்டாத சிறு முக்கோணம் ஒன்று முளைத்துவிடும். அளவுகோலும் கவராயமும் வைத்துக்கொண்டு ஒருமுறை முயன்று பார்த்தால், பழைய சிற்பிகளின் கைத்திறம் பற்றிய மதிப்பு தானாகக் கூடும்.

பாறையில் இருப்பவை

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பாறை ஓவியங்களுக்குப் பெயர் பெற்ற இடங்கள் மல்லப்பாடி, மயிலாடும்பாறை, மல்லசந்திரம் ஆகியவை. பர்கூருக்கு அருகேயுள்ள மல்லப்பாடியின் ஓவியங்களைச் சென்னைப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் வெளிக்கொணர்ந்தனர். தமிழகத்தில் பாறை ஓவிய ஆய்வு சூடுபிடித்ததில் அதற்குப் பங்குண்டு. குதிரை மேல் அமர்ந்த வீரர் உருவம் அங்கே குறிப்பிடத்தக்கது. மயிலாடும்பாறை அண்மையில் வேறு காரணத்தால் செய்திகளில் அடிபட்டது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனப் பகுப்பாய்வில் தெரியவந்ததை 2022இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது.

மல்லசந்திரத்தின் மோரல் பாறை தனிச்சிறப்புடையது. ஒரு பாறைக் குன்றின் மேல் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. நான்கு புறமும் பலகைக் கற்கள், மேலே மூடுகல். ஒரு பலகையில் வட்டத் துளை. ஊர்மக்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்வது வழக்கம். இறந்தோர் நினைவாக எழுப்பிய அமைப்புகள் இவை. சிலவற்றின் உட்புறத்தில் வெள்ளைச் சாந்தால் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. கையில் ஆயுதம் ஏந்திய மனிதர், விலங்குகள், அவற்றோடு வட்டம், கட்டம், கோடு சேர்ந்த குறிகள். விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் காணும் செந்நிற ஓவியங்களிலிருந்து இவை நிறத்தால் வேறுபடுகின்றன. கிருஷ்ணகிரியின் வெண்ணிற ஓவியங்களில் பெரும்பகுதி இரும்புக்காலத்தையும் அதை அடுத்த காலத்தையும் சேர்ந்தவை என்பது ஆய்வாளர் கருத்து.

மனித உருவம் மனிதன் என்றும் குதிரை குதிரை என்றும் நமக்குத் தெரிகிறது. வட்டத்துக்குள் சிலுவைக் கோடு என்ன? சூரியன், சக்கரம், வீட்டின் தரைப்படம், குலக்குறி, நான்கு திசை என ஐந்து விடைகளையும் சொல்லலாம். ஐந்தும் அறிவுக்குப் பொருந்தும். ஐந்தில் ஒன்றையும் மெய்ப்பிக்க முடியாது. யந்திரம் என்ற கருத்துக்கு நூல்வழக்கு உண்டு, சடங்கு உண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் உண்டு. கல்திட்டை எழுப்பிய மக்களிடம் அந்த நூல்வழக்கு இருந்ததற்குச் சான்று கிடையாது. ஆகவே பாறைக் குறியை யந்திரம் என்பது, ஏடு எழுதப்படுவதற்கு முன்பே அதற்கு உரை எழுதுவதற்கு ஒப்பாகும். இதனால் பாறைக் குறியின் மதிப்பு குறைந்துவிடாது. இறந்தவருக்காகக் கட்டிய இருட்டறைக்குள், உயிருள்ளோர் கண்ணில் எளிதில் படாத இடத்தில், ஒருவர் வெள்ளைச் சாந்தைக் குழைத்து வட்டம் வரைந்திருக்கிறார். அவருக்கு அது முக்கியமாக இருந்தது என்பது மட்டும் உறுதி.

இவற்றுக்கு இன்று வந்திருக்கும் ஆபத்து பொருள் பற்றியதன்று, இருப்பைப் பற்றியது. மாவட்டத்தின் பெரிய தொழில்களில் ஒன்று கருங்கல் வெட்டுவது. பாறை ஓவியத்துக்கும் கல்குவாரிக்கும் வேண்டியது ஒரே பாறை. மேய்ச்சலுக்கு வருபவர்கள் உள்ளே அடுப்பு மூட்டும் புகை, பெயர் கிறுக்குபவர்களின் ஆணி, புதையல் தேடிப் பலகைக் கல்லைப் பெயர்ப்பவர்களின் கடப்பாரை ஆகியவை போக மிஞ்சுபவைதான் நமக்கு.

வட்டாரத்தின் இன்னொரு கோட்டு வடிவம் சுற்றுப்பாதை. தருமபுரி மாவட்டம் வெதரம்பட்டியில் கற்களை அடுக்கிச் சதுரமாக அமைத்த சுற்றுப்பாதையை மக்கள் ஏழு சுத்துக் கோட்டை என்கிறார்கள். வேண்டுதலோடு அதில் நடப்பதும் உண்டு. இதே வடிவம் கர்நாடகத்தின் அளேபீடு கோயிலில் அபிமன்யு கதைச் சிற்பத்தில் சக்கர வியூகமாக வருகிறது. தென்னிந்திய வாசல் கோலங்களிலும் பச்சைக்குத்து வடிவங்களிலும் இதன் சாயல் இருப்பதை ஜான் லேயார்டு என்ற ஆங்கில மானிடவியலாளர் 1937இல் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தார். கல்லில் கோட்டை, கோயிலில் போர் வியூகம், கையில் பச்சை என ஒரே கோட்டுக்கு மூன்று பொருள். வடிவம் ஊர்விட்டு ஊர் போகும். பொருள் அந்தந்த ஊரில் தங்கிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் இருப்பவை

எல்லையோர ஊர்களில் தமிழர் கோலம் போடுவர், கன்னடர் ரங்கோலி இடுவர், தெலுங்கர் முக்கு வைப்பர். ஓசூரில் பொங்கலுக்கும் யுகாதிக்கும் ஒரே தெருவில் மூன்றையும் காணலாம். புள்ளியைச் சுற்றி வளைந்து செல்லும் சிக்குக் கோலமும் புள்ளிகளை இணைக்கும் கோலமும் அடிப்படையில் இருவேறு வகை. முதலாவதில் புள்ளியைக் கோடு தொடக்கூடாது. இரண்டாவதில் தொட்டே ஆக வேண்டும்.

'இருதய கமலம்' என்ற கோலம் இரண்டாம் வகை. மையத்திலிருந்து எட்டுத் திசைக்கும் வரிசைக்கு ஐந்து புள்ளிகள். முதல் வரிசையின் 1ஆம் புள்ளியிலிருந்து அடுத்த வரிசையின் 4ஆம் புள்ளிக்கு, பிறகு 2, 5, 3, மீண்டும் 1 என்று இழுத்துக்கொண்டே போனால், கையெடுக்காமல் நாற்பது புள்ளிகளையும் தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே கோடு வந்துவிடும். எட்டுக்கும் ஐந்துக்கும் பொது வகுத்தி இல்லாததால்தான் இது நடக்கிறது. ஒரு சுற்று முடியும்போது எட்டு வரிசைகள் தீர்ந்திருக்கும், ஐந்தெண் வரிசை தீர்ந்திருக்காது. இரண்டும் ஒன்றாகத் தீர நாற்பது அடி வைக்க வேண்டும். எட்டுக்குப் பதில் பத்து வரிசை வைத்துப் போட்டால் கோடு ஒரே சுற்றில் மூடிக்கொள்ளும். ஐந்து தனித்தனிக் கோடுகள் தேவைப்படும். மீப்பெரு பொது வகுத்தியை நடத்தும் ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கோலத்தைக் கணினி அறிவியல் எடுத்துக்கொண்டதும் சென்னையில்தான். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், கோலங்களை மொழி இலக்கணம் போன்ற விதிகளால் உருவாக்கிக் காட்டினர். படவடிவ இலக்கணம் என்ற துறையில் அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பணிக்கர் படிப்பை நிறுத்திய கல்லூரியும் இதுவே. அவர் கணக்கு நோட்டிலிருந்து படத்துக்குப் போனார். பத்தாண்டு கழித்து இவர்கள் படத்திலிருந்து கணக்குக்கு வந்தனர். ஒருவர் செய்ததை மற்றவர் அறிந்து செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே நகரம், ஒரே காலம், அவ்வளவுதான்.

கோலத்துக்கும் பணிக்கர் படத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோலம் போடுபவர் அதில் கையெழுத்திடுவதில்லை, மாலைக்குள் அது மிதிபட்டு அழிவதைப் பற்றியும் கவலைப்படுவதில்லை. பணிக்கரின் துணி சட்டகத்தில் மாட்டி, கண்ணாடிக்குப் பின்னும் காவலர் பார்வையிலும் பாதுகாக்கப்படுகிறது. நவீன ஓவியத்தைப் 'பெரிய கோலம்' என்று பாராட்டுவது இரண்டையும் குறைத்துவிடும்.

சோழமண்டலம்

ஓவியம் படித்து வெளியே வரும் மாணவர்களுக்கு வேலையில்லை. படம் வாங்குவோரும் இல்லை. முதல்வர் நாற்காலியில் இருந்த பணிக்கரை அழுத்திய சிக்கல் இது. மாணவர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர். அந்த வருவாயைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலத்தை வாங்கி 1966இல் குடியேறினர். பழைய சோழநாட்டுக் கடற்கரையின் பெயரையே கிராமத்துக்கு வைத்தனர். பகலில் கைவினை வயிற்றுக்கு, மிச்ச நேரம் ஓவியம் என்பது ஏற்பாடு. அரசு உதவியை எதிர்பார்த்துக் காத்திருக்காத துணிச்சல் அது. 1967இல் பணி ஓய்வு பெற்ற பணிக்கரும் அங்கே தம் பணியைத் தொடர்ந்தார்.

கிராமத்தோடு தொடர்புடையவர்களில் கோடும் குறியும் கொண்டு தனி வழி கண்டவர்கள் பலர். வி. விஸ்வநாதன் 1968இல் பாரிஸ் சென்று தங்கிவிட்டார். முக்கோணமும் சதுரமும் நிறப்பட்டைகளும் அவர் மொழி. ஐம்பூதங்களைப் பற்றித் திரைப்படங்களும் எடுத்தார். மைசூரில் பிறந்த எஸ். ஜி. வாசுதேவ் மரத்தையே திரும்பத் திரும்ப வரைந்தவர். அவருடைய 'விருட்ச' வரிசையில் மரம் ஒரே சமயத்தில் இயற்கையாகவும் சின்னமாகவும் நிற்கிறது. அவர் பின்னாளில் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். ஓசூரிலிருந்து நமக்குச் சென்னையை விட அவரே அருகில் இருப்பவர். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் இதே குறியீட்டு மொழியைச் சிற்பமாக்கினார்.

பணிக்கருக்கு லலித் கலா அகாதெமி 1976இல் உறுப்பாண்மைச் சிறப்பு அளித்தது. 1977 சனவரியில் அவர் சென்னையில் காலமானார்.

நேரில் காண

பணிக்கரின் ஓவியங்கள் பெருந்தொகையாக இருப்பது திருவனந்தபுரத்தில், அவர் பெயரால் அமைந்த அரசு ஓவியக்கூடத்தில். சோழமண்டலத்தில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தினர் பலரின் படைப்புகளோடு அவருடையவற்றையும் பார்க்கலாம். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், படத்துக்குக் கீழே உள்ள குறிப்பைப் பிள்ளைகள் படிக்கும் முன் படத்தை ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்வது நல்லது.

கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் உள்ளது. வட்டாரத் தொல்பொருள்களை அறிய அதிலிருந்து தொடங்கலாம். கல்திட்டைகளுக்குச் செல்வோர் வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ள வேண்டும். கல்திட்டைக்குள் இருக்கும் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் அதன் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள், சுண்ணக்கட்டியால் கோட்டின் மேல் கோடு இழுக்கிறார்கள். தண்ணீர் பட்டால் சாந்து உதிரும்; மேலே இழுத்த கோடு பழைய கோட்டை என்றைக்குமாக மறைத்துவிடும். சாய்ந்த வெயில் விழும் காலையில் போய், இருட்டு கண்ணுக்குப் பழகும்வரை உள்ளே குனிந்து காத்திருந்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.